சோடா சுயம்புவின் இடுப்பளவு

குழாயில் தண்ணீர் நின்றதும் டிரம்மை மூடி, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மாரீஸ்வரி ஆணியில் தொங்கிய இஞ்சு டேப்பை எடுத்தாள். அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் புருஷனின் வயிற்றை அளந்துவிட வேண்டும். தினமும் எடை பார்க்கும்படிதான் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எடை மெஷின் வீட்டில் இல்லை. டேப் இருந்தது, அளக்கத் தெரிந்த கையும் இருந்தது.

"கையத் தூக்குங்க."

சுயம்பு பனியனை மார்புவரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நின்றால் அந்த அறையில் இன்னொருவர் நிற்க இடமில்லை. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து டேப்பைத் தொப்புளுக்கு மேல் சுற்றினாள். பேண்ட்டுக்கு அளவெடுத்தால் இரண்டு விரல் உள்ளே விட்டு அளப்பாள். இதற்கு விரல் விடக்கூடாது.

"எக்காதிய. மூச்ச விடுங்க."

"எங்க எக்குதேன்? இருக்கதே இவ்வளவுதான்."

"டேப்ப ஏமாத்தி என்ன செய்யப் போறிய? முப்பத்தொம்பதரை."

"நேத்து?"

"முப்பத்தொம்பதேகால்."

"கால் இஞ்சு கஞ்சிதான்ட்டி. நீ ரெண்டு கரண்டி கூட ஊத்திட்ட."

"கஞ்சி இடுப்புல நிக்காது" என்று சொல்லிவிட்டு, மளிகைக்கடை காலண்டரில் ஜூன் இரண்டாம் தேதிக்குக் கீழே எழுதினாள். அதே தாளில் பதினெட்டாம் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம். அன்றைக்குத்தான் ஊசி. ஈரலில் இருக்கிற புற்றுக்கட்டிக்குள் ஊசியை இறக்கி, சூடேற்றி, கட்டியைக் கருக்கிவிடுவார்கள். கட்டி சின்னதாக இருப்பதால் இது முடியும் என்றார்கள். வயிற்றில் நீர் ஏறிவிட்டால் முடியாது என்றும் சொன்னார்கள். இன்னும் பதினாறு நாள். பதினாறு நாளும் இந்த வயிறு சொன்னபடி கேட்க வேண்டும்.

மாரீஸ்வரிக்கு நாற்பத்தேழு வயது. இருபத்தொன்றில் கல்யாணமாகி வள்ளியூர்ப் பக்கமிருந்து தாராவிக்கு வந்தாள். வந்த ஆறாம் மாதம் ஷாகுல் ஹமீதின் கார்கானாவில் நூல் வெட்டப் போனவள், இன்றைக்குப் பத்து மிஷின் ஓடுகிற அந்தத் தையல் கூடத்தில் பெல்ட் பட்டி மாஸ்டர். ஸ்கூல் பேண்ட்டுக்கு இடுப்புப் பட்டி வைப்பது பார்க்கச் சின்ன வேலை. ஆனால் பட்டி ஒழுங்காக உட்காராவிட்டால் மற்ற தையல் எல்லாம் தெண்டம். தொண்ணூறடி ரோட்டில் நடந்து போகிறவனைப் பார்த்தே முப்பத்திரண்டா முப்பத்தினாலா என்று சொல்லிவிடுவாள். ரோந்து வருகிற போலீஸ்காரர்களுக்கு அளவு சொல்லிக் கார்கானாவையே சிரிக்க வைப்பாள். அப்படிப்பட்டவள் கண்ணுக்கு முன்னால் சொந்த வீட்டில் ஒரு இடுப்பு ஊறிக்கொண்டே போனது. முப்பத்திரண்டு இடுப்போடு அவளைக் கட்டியவர். மூன்று மாதத்தில் மூன்று தடவை அவர் பேண்ட்டைப் பிரித்துவிட்டுத் தைத்தாள். நாலாவது தடவை பிரிக்க மடிப்பில் துணி இல்லை. இடுப்பு ஏற ஏற, கையும் காலும் முருங்கைக்காயாகச் சூம்பின.

ஈரல் கெட்டது என்றால் ஊர் முதலில் தேடுவது பாட்டிலைத்தான். அதுதான் மாரீஸ்வரியின் முதல் கோபம். முப்பது வருஷமாகத் தோல் பை கார்கானாவில் தோல் வெட்டிய சுயம்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ச்சங்க அறைக்குப் போவார். மற்றவர்கள் குவார்ட்டரைத் திறக்கும்போது இவர் லெமன் சோடாவைத் திறப்பார். கடைசியில் ஆளுக்கொரு தோளாகப் பிடித்து அவரவர் வீட்டில் கொண்டுபோய் விடுவதும் இவர்தான். 'சோடா சுயம்பு' என்று பெயர் வைத்தவர்களே, நோய் தெரிந்த வாரத்தில், "சோடாவுல என்னத்தக் கலந்து குடிச்சானோ" என்றார்கள். அவர் தோளில் தொங்கி வீடு வந்து சேர்ந்த வாய்கள்.

சுயம்புவின் அக்கா கோமதியம்மாள் பாண்டுப்பிலிருந்து கீழாநெல்லிக் கட்டோடு வந்தாள். தம்பி தூங்குகிறான் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, மாரீஸ்வரியின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, எங்கிட்ட மட்டும் சொல்லு. எப்பமாவது கொஞ்சம் போடுவானா?"

"மதினி, அவிய குடிச்சிருந்தா எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. கிருமி மதினி. மஞ்சக்காமாலை கிருமி. முப்பது நாப்பது வருஷமா உள்ள இருந்து ஈரலத் தின்னுருக்கு."

"அது எங்கருந்துட்டி வந்துச்சு?"

"ஊசியில வரலாம், பார்பர் பிளேடுல வரலாம். பெறக்கும்போதே அம்மகிட்ட இருந்தும் வரலாமாம். நானும் மவன் ராஜபாண்டியும் ரத்தம் குடுத்துப் பாத்தாச்சு. எங்களுக்கு இல்ல. நீங்களும் ஒருக்கா பாருங்க."

கோமதியம்மாள் கீழாநெல்லிக் கட்டைத் தரையில் வைத்தாள்.

"செத்துப் போன எங்கம்மைய எதுக்குட்டி இழுக்க?"

"நான் இழுக்கல. டாக்டரு சொல்லுதாவ."

"எனக்கு ஒண்ணுமில்ல. நான் கல்லு மாதிரி இருக்கேன்."

"அவியளும் கல்லு மாதிரிதான இருந்தாவ" என்றாள் மாரீஸ்வரி. கோமதியம்மாள் டீ குடிக்காமல் கிளம்பிப் போனாள். கீழாநெல்லி மூன்று நாள் மூலையில் கிடந்து வாடியது. டாக்டர் தராத எதையும் அவருக்குக் கொடுப்பதில்லை என்று மாரீஸ்வரி ஒரு முடிவோடு இருந்தாள். அந்த அளவுக்கு அந்த ஆஸ்பத்திரியை நம்பினாள்.

நம்பி அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: கட்டி எவ்வளவு? இரண்டே முக்கால் சென்டிமீட்டர். டேப்பில் அதைப் பார்த்தாள். ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் கூட. கார்கானாவில் எல்லோரும் கேட்டார்கள், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாக்கிக் காட்டினாள். "நெல்லிக்காய் தண்டிதான்." ஷாகுல் ஹமீது மிஷினை நிறுத்திவிட்டு, "அல்லா காப்பாத்துவான் மாரி. சின்னதுலயே பிடிச்சாச்சே" என்றார். எல்லோருக்கும் அது நிம்மதியாக இருந்தது. கட்டியைத் தவிர அவர் உடம்பில் வேறு எதைப்பற்றியும் யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஏப்ரலில் ஒரு தரம் ஓ.பி.டி.யில் மூன்று மணி நேரம் காத்திருந்து உள்ளே போனார்கள். ஒரு மேஜை, இரண்டு டாக்டர்கள், நாலு நோயாளிகள், அவரவர் சொந்தங்கள். பின்னலைத் தூக்கிக் கட்டியிருந்த சின்ன டாக்டரம்மா ஃபாரத்தை வைத்துக்கொண்டு இந்தியில் கேள்வி கேட்டாள். அவள் கேட்டதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ரத்த வாந்தி எடுத்தீர்களா? மோஷன் கறுப்பாகப் போகிறதா?

சுயம்பு கூச்சப்படுகிற ஆள். வயசுப் பெண் ஒருத்தி நாலு பேர் நடுவில் இதைக் கேட்டதும் அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நஹி, நஹி" என்றார். டாக்டரம்மா இரண்டு கட்டத்திலும் 'இல்லை' என்று குறித்தாள். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஆகஸ்டில் தேதி எழுதிக் கொடுத்தாள். கறுப்பாகப் போகிறவர்களுக்கு அதே வாரத்தில் பார்ப்பார்களாம். மற்றவர்களுக்கு நாலு மாதம் வரிசை.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்ததே இல்லை.

அவர்கள் சந்துக்கு ஒரே கக்கூஸ். ஆண்களுக்கு ஆறு, பெண்களுக்கு ஆறு. முன்னால் ஜன்னலில் தகர டப்பாவோடு சாய்நாத் உட்கார்ந்திருப்பான். மராத்திக்காரன், தாராவியில் பிறந்து வளர்ந்ததால் அசல் திருநெல்வேலித் தமிழ் பேசுவான். ஒரு தடவைக்கு மூன்று ரூபாய். தீபாவளிக்கு ஃபியூஸ் போன பல்பு போனதுதான். கதவைச் சாத்தினால் குத்துமதிப்பாக உட்கார்ந்து, குத்துமதிப்பாகத் தண்ணீர் ஊற்றி எழுந்து வர வேண்டும். இரண்டு நிமிஷம் தாண்டினால் வெளியிலிருந்து கதவில் அறை விழும்.

மாரீஸ்வரி கேட்காமல் இல்லை.

"ஏல சாய்நாத், மூணு ரூவா வாங்குதியே, ஒரு பல்பு போட மாட்டியா?"

"போட்டா களவாண்டுட்டுப் போயிருதானுவக்கா. காண்ட்ராக்டர்ட்ட சொல்லியிருக்கேன்."

"எப்ப சொன்ன?"

"பொங்கலுக்கு."

"எந்தப் பொங்கலுக்கு?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சாய்நாத்தும் சிரித்தான். பல்பு வரவில்லை. கக்கூஸுக்குப் போக அஞ்சியே குடிக்கிற தண்ணீரைக் குறைத்துக்கொண்ட பெண்கள் அவர்கள். இருட்டு அவர்களுக்கு ஒரு விதத்தில் நல்லதுதான்; கால் வைக்கிற இடத்தைப் பார்க்காமல் வந்துவிடலாம்.

ஜூன் ஆறாம் தேதி காலை மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு முப்பத்தொம்பதே முக்கால். மாரீஸ்வரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். சாய்நாத் நனைந்தபடி சந்துக்குள் ஓடி வந்தான்.

"அக்கா, அண்ணாச்சி உள்ள போனவரு கதவத் தொறக்க மாட்டேங்காரு. தட்டுனா சத்தமே இல்ல."

அவள் போய்ச் சேருவதற்குள் வரிசையில் நின்ற இரண்டு பேர் கதவைத் தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்திருந்தார்கள். சாய்நாத் மொபைல் டார்ச்சை அடித்தான். தீபாவளிக்குப் பிறகு அந்த அறைக்குள் விழுந்த முதல் வெளிச்சம் அது. சுயம்பு சுவரோடு சாய்ந்து கிடந்தார். சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். கீழே, பீங்கானில், ரோட்டுக்கு ஊற்றுகிற தார் போல ஒன்று கிடந்தது. கன்னங்கரேல் என்று மினுங்கியது.

"என்னக்கா இது, டாமர் மாதிரி" என்றான் சாய்நாத்.

அந்த நிமிஷத்தில்தான் மாரீஸ்வரிக்கு அந்த டாக்டரம்மாவின் கேள்வி புரிந்தது. உள்ளே கசிகிற ரத்தம்தான் இப்படிக் கறுப்பாக வெளியே வருகிறது. எத்தனை நாளாக இப்படி? யாருக்குத் தெரியும்? தண்ணீர் ஊற்றிப் போன நாள்களை எந்த டேப்பால் அளப்பது?

ஷாகுல் ஹமீதின் துணி டெம்போவில், பேண்ட் மூட்டைகளுக்கு நடுவில் அவரைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். தொண்டை வழியே குழாய் இறக்கி, வெடித்த ரத்தக்குழாய்க்கு ரப்பர் பேண்ட் போட்டார்கள்.

"ரப்பர் பேண்டா? பொட்டலத்துக்குப் போடுத மாதிரியா?" என்று மாரீஸ்வரி நர்ஸிடம் கேட்டாள். அதே மாதிரிதான் என்றாள் நர்ஸ். பத்து நிமிஷ வேலை. பத்து நிமிஷ வேலைக்கு ஆகஸ்ட் வரை வரிசை.

உயிர் தங்கியது, அறிவு தங்கவில்லை. மூன்று நாள் சுயம்பு எங்கேயோ இருந்தார். கண் மஞ்சளாக, வயிறு பானையாக, போர்வை ஓரத்தை இழுத்து இழுத்து, "தோல நீட்டிப் பிடில. கத்தி ஓட வேண்டாமா?" என்று யாரையோ அதட்டினார். ஈரல் வடிக்காமல் விட்ட விஷம் இறங்க, மலச்சிக்கல் மருந்து கொடுத்துக் குடலைக் கழுவி எடுத்தபின் நாலாம் நாள் தெளிந்தார்.

தெளிந்ததும் மாரீஸ்வரி கேட்ட முதல் கேள்வி, "ஒங்களுக்கு ஒண்ணும் தெரியலயா?" என்பது.

"நாத்தம் வேற மாதிரி இருந்துச்சு" என்றார் மெதுவாக. "ஒரு வாரம் இருக்கும். ரெண்டு வாரங்கூட இருக்கும்."

"சொல்லதுக்கு என்ன?"

"அந்த எடத்துல எந்த நாத்தம் எவனோடதுன்னு நான் கண்டேன்?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அவர் நெஞ்சில் ஒரு குத்து விட வேண்டும் போலவும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு வாயைத் துடைத்துவிட்டாள்.

அன்று மதியம் ஷாகுல் ஹமீதின் மகள் அஸ்ரின் பார்க்க வந்தாள். செம்பூரில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். டாக்டர்களின் இங்கிலீஷைத் தண்ணீராகப் படிப்பாள். மாரீஸ்வரி ஃபைலை எடுத்துக் கொடுத்தாள். அஸ்ரின் முதல் பக்கத்தைப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்துக்குத் திருப்பியவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஆன்ட்டி, இது எப்ப எடுத்தது?"

"கட்டி கண்டுபிடிச்ச ஸ்கேன். மார்ச்சுல. ஏன்?"

"இதுல எல்லாம் எழுதியிருக்கே."

"எது?"

அஸ்ரின் கட்டில் பக்கத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "லிவர் கல்லு மாதிரி இறுகிடுச்சு ஆன்ட்டி. குடல்ல இருந்து வர்ற ரத்தம் எல்லாம் அது வழியாத்தான் போகணும். வழி இல்ல. நம்ம சந்துல மெயின் பைப் அடைச்சா என்னாகும்? பிரஷர் ஏறி சின்னச் சின்ன பைப்புல எல்லாம் பாயுமில்ல? அந்த மாதிரி. தொண்டைக்குக் கீழ இருக்கிற சின்ன நாளம் எல்லாம் பலூன் கணக்கா உப்பிடும். மண்ணீரல் வீங்கிடும். வயித்துல தண்ணி கட்டும். இதோ பாருங்க, மண்ணீரல் வீக்கம். இதோ, ரத்தக்குழாய் வீக்கம். ரத்தத்துல பிளேட்லெட் பாதிகூட இல்ல. கட்டியப் பத்தி மூணு வரி. இதப்பத்தி ஆறு வரி."

"இத வச்சு என்ன செஞ்சிருக்கலாம்?"

"அப்பவே டியூப் விட்டுப் பாத்து ரப்பர் பேண்ட் போட்டிருக்கலாம். பிரஷர் குறைக்க தினம் ஒரு மாத்திரை கொடுத்திருக்கலாம். சஸ்தா மாத்திரை ஆன்ட்டி, ரெண்டு மூணு ரூபாதான்."

"கறுப்பா போச்சுன்னு நாங்க சொல்லியிருந்தா?"

"நீங்க சொல்லணும்னே இல்லயே. இந்தப் பேப்பரே சொல்லுதே."

அஸ்ரின் தன் பையிலிருந்து பென்சிலை எடுத்து அந்த ஆறு வரிக்கும் அடியில் கோடு போட்டாள். மாரீஸ்வரி அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக அவள் கையிலேயே இருந்த தாள். மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு, தலையணைக்கு அடியில் வைத்துக் காத்து, போகும்போதெல்லாம் டாக்டர் மேஜையில் வைத்து எடுத்து வந்த தாள்.

பதினேழாம் தேதி சாயங்காலம் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனாள். வழியில் கக்கூஸைத் தாண்டும்போது உள்ளே பல்பு எரிந்தது. நல்ல வெளிச்சத்திலும் எரிந்தது. அதைச் சுற்றிக் கம்பிக்கூடு வேறு. சாய்நாத் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "எங் காசுல போட்டேங்கா" என்றான். அவள் பல்பைப் பார்த்துவிட்டு நடந்தாள். அவனைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பாராட்டவும் வரவில்லை.

பதினெட்டாம் தேதி காலையிலும் டேப்பைப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். நாற்பத்திரண்டே கால். பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் சொந்தக்காரர்களைத் தன் அறைக்கு வரச் சொன்னார். கல்யாண் பக்கமிருந்து மகன் ராஜபாண்டி லீவு போட்டு வந்திருந்தான். கூரியர் கம்பெனி வேலை. பெரிய இடங்களில் எப்படிப் பணிந்து பேச வேண்டும் என்று தெரிந்தவன். வாசலிலேயே அம்மாவை எச்சரித்தான்.

"அம்மா, நான் பேசுதேன். நீ வாயத் தொறக்காத. நாளைக்கும் அவங்கதான் பாக்கணும்."

அறையில் மூன்று டியூப்லைட். கண்ணாடி போட்ட மேஜை. பெரிய டாக்டரின் பக்கத்தில் அந்தச் சின்ன டாக்டரம்மா நின்றிருந்தாள். அதே தூக்கிக் கட்டிய பின்னல். பெரிய டாக்டர் உட்காரச் சொன்னார். அவர் இந்தியில் பேசினார், நிதானமாக, கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாத குரலில். ஊசி இனிமேல் இல்லை என்றார். பட்டியலிலிருந்து பெயரை எடுத்தாகிவிட்டது. வலிக்கு மருந்து, நீர் இறக்க மருந்து, வீட்டில் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாயைத் திறக்கக் கூடாது என்றிருந்த மாரீஸ்வரிதான் முதலில் கேட்டாள்.

"கட்டி பெரிசாயிட்டா?"

"இல்லை. அதே இரண்டே முக்கால்."

"அப்புறம் ஏன் ஊசி இல்ல?"

பெரிய டாக்டர் கையை மேஜை மேல் விரித்தார். சுயம்புவின் நாளைத் தீர்மானிப்பது இப்போது கட்டி இல்லை, ஈரல்தான் என்றார். ரத்தம் கசிந்து ஈரல் துவண்டுவிட்டது. வயிறு நிறைய நீர். இந்த நிலையில் ஊசி போட்டால் மிச்ச ஈரலும் போகும். இதே அளவு கட்டி, இந்த அழுத்தம் இல்லாத ஆள் என்றால், வருஷக்கணக்கில் பேசலாம். உங்கள் வீட்டுக்காரருக்கு மாதக்கணக்குத்தான். நாலு, ஐந்து. ஈரலையே மாற்றலாம், அதற்கு ஈரல் கொடுக்க ஆள் வேண்டும், தனியார் ஆஸ்பத்திரியில் வீடு வாங்குகிற அளவு செலவு.

"வீடு இருந்தா வித்திரலாம்" என்றாள் மாரீஸ்வரி தமிழில்.

ராஜபாண்டி அவள் முழங்கையைத் தொட்டான்.

"நீங்கள் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்" என்றார் பெரிய டாக்டர். ஃபைலைத் திருப்பி அந்த ஃபாரத்தை எடுத்து, விரலால் தட்டினார். "கேட்டிருக்கிறார்கள். கறுப்பாகப் போகிறதா? இல்லை. இதோ எழுதியிருக்கிறது. ஜனங்கள் மறைக்கிறார்கள். வெட்கம். கடைசியில் எங்கள் தலையில் விடிகிறது. குடியையும் இப்படித்தான் மறைப்பார்கள்."

மாரீஸ்வரி எழுந்து நின்றாள்.

"அம்மா, விடு."

"நீ சும்மா இருல."

அவளுடைய இந்தி கார்கானா இந்தி. ஆணுக்குப் பெண்ணும் பெண்ணுக்கு ஆணும் வரும். ஆனால் எதிராளிக்குப் புரியாமல் போனதில்லை. அந்த இந்தியில் சொன்னாள். "சாப், அவிய குடிக்கல. ஊர்ல சோடான்னுதான் பேரு. அவிய மறைக்கவும் இல்ல. எங்க கக்கூஸ்ல லைட் இல்ல. தீபாவளில இருந்து இல்ல. மூணு ரூவா குடுத்து இருட்டுல போயிட்டு, இருட்டுல தண்ணி ஊத்திட்டு வருதோம். கறுப்பா சிவப்பான்னு எங்கன பாக்க? ஒங்க டாக்டரம்மா கறுப்பான்னு கேட்டாவ. பாத்தியளான்னு கேக்கலயே."

சின்ன டாக்டரம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு தாழ்த்திக்கொண்டாள்.

மாரீஸ்வரி மேஜையைச் சுற்றிப் போய், பெரிய டாக்டரின் கைக்குக் கீழிருந்த ஃபைலை இழுத்தாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். மார்ச் மாத ஸ்கேனை எடுத்து, இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, பென்சில் கோடு மேலே தெரியும்படி அவர் முன்னால் வைத்தாள். சின்ன டாக்டரம்மா அதைப் பார்ப்பதற்குக் கொஞ்சம் குனிந்தாள்.

"இது ஒங்க மெஷின் எழுதுனது. நாங்க எழுதல. மண்ணீரல் வீங்கிட்டுன்னு இருக்கு. நாளம் வீங்கிட்டுன்னு இருக்கு. நான் பட்டி தைக்கவ. இத்தனாம் நம்பர் இடுப்புன்னு ஒரு துண்டுச்சீட்டு வரும். அதப் படிக்காம நான் பட்டி வச்சேன்னா எங்க பாய் அந்த பேண்ட்ட எம் மூஞ்சில வீசுவாரு. வீசணும்." தாளை அவர் பக்கம் இன்னும் தள்ளினாள். "நாங்க இருட்டுல பாக்கல சாப். ஒத்துக்கிடுதேன். இத நீங்க எல்லாரும் லைட்டுக்குக் கீழ உக்காந்து வச்சிருந்திய. மார்ச்சுல இருந்து வச்சிருந்திய. ஏன் பாக்கல?"

பெரிய டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்தார். ஆறு வரிதான். படிக்க எடுத்துக்கொண்ட நேரம் அதைவிட அதிகம். படித்து முடித்தபிறகும் தாளிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. சின்ன டாக்டரம்மா பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள். வெளியே வார்டு பாய் அடுத்த பெயரைக் கூப்பிட்டான்; கதவு பாதி திறந்து, யாரோ எட்டிப் பார்த்து, மறுபடி மூடியது. மேஜையில் போன் அதிர்ந்தது. பெரிய டாக்டர் அதை எடுத்துப் பேசத் தொடங்கினார். வேறு ஏதோ வார்டு, வேறு ஏதோ பெட்.

"அம்மா, போதும்மா" என்றான் ராஜபாண்டி. அவன் கண் கலங்கியிருந்தது.

அவர் போனை வைக்கும்வரை மாரீஸ்வரி நின்றாள். அவர் வைத்தார். அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், சின்ன டாக்டரம்மாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள்.

மாரீஸ்வரி தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினாள். பென்சில் கோடு முதலில் கண்ணில் படும்படி இரண்டாம் பக்கத்தை முதல் பக்கத்துக்கு மேலே வைத்து, பிளாஸ்டிக் கவருக்குள் செருகி, டேப் கிடந்த அதே பைக்குள் வைத்தாள். வார்டில் மதியக் கஞ்சி வருகிற நேரம். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.